மூன்றாவது டர்போவும் புகைந்தது: பீடோரில் ஒரு பழைய வோல்வோ 940இன் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோர் பட்டணத்துக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கும் ஓய்வுபெற்ற டிரெசர் (தோட்ட மருத்துவமனை உதவியாளர்) ஒருவரின் 1995ஆம் ஆண்டு வோல்வோ 940 டர்போ என் பட்டறைக்கு வந்தபோது, அதில் ஏற்கெனவே இரண்டு முறை டர்போ, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, மாற்றப்பட்டிருந்தது. மூன்றாவதாகப் பூட்டியிருந்ததும் நீலப் புகை கக்கிக்கொண்டிருந்தது. நான்காவதை வாங்குவதா, எஞ்சினையே இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவதா, காரை எடைக்குப் போடுவதா என்று அவர் குழம்பிப்போய் வந்திருந்தார். அந்தக் காரில் என்ன கண்டோம், என்ன செய்தோம், அதன் பிறகு எவையெல்லாம் பழுதாயின என்பதை முழுமையாக எழுதிவைக்கிறேன். பழைய டர்போ கார் வைத்திருப்பவர்களும், அவற்றில் கைவைக்கும் இளம் மெக்கானிக்குகளும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நல்ல நிலையில் இருக்கும் டர்போக்கள் பழைய இரும்புக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வேகிறது. டர்போ தானாகக் கெடுவது அரிது. அதைக் கெடுத்தது எது என்று பார்க்காமல் புதிதாக ஒன்றைப் பூட்டினால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

காரும் உடையவரும்

வோல்வோ 940 வரிசை 1990 முதல் 1998 வரை உற்பத்தியில் இருந்தது. மலேசியாவுக்கான கார்கள் ஷா ஆலமில் உள்ள ஸ்வீடிஷ் மோட்டார் அசெம்ப்ளிஸ் ஆலையில் பூட்டப்பட்டவை. 1967இல் திறக்கப்பட்ட அந்த ஆலைதான் நாட்டின் முதல் கார் பூட்டும் ஆலை. இந்தக் காரில் இருப்பது பி230எஃப்டி எஞ்சின்: 2,316 சிசி, நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், 165 குதிரைத்திறன். டர்போ மிட்சுபிஷியின் டிடி04 வகை. எண்ணெயோடு தண்ணீரும் ஓடி அதைக் குளிர்விக்கிறது. ஆலையிலிருந்து வந்தபடி விட்டால் அது தரும் மிகையழுத்தம் அரை பார் அளவுதான். எஞ்சினிடம் அளவுக்கு மீறி எதையும் கேட்காத அமைப்பு. முறையாகக் கவனித்தால் இது பல லட்சம் கிலோமீட்டர் ஓடும்.

கார் முதலில் தோட்ட மானேஜருடையது. அவர் மாற்றலாகிப் போனபோது டிரெசர் வாங்கினார். தோட்டத்து மருத்துவமனை இருந்த காலத்தில், பிரசவ வலி எடுத்த பெண்களையும் பாம்பு கடித்தவர்களையும் நடு இரவில் இதில் ஏற்றித்தான் தாப்பா மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார். பிறகு பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, மருத்துவமனையும் மூடப்பட்டது. கார் மட்டும் அவரோடு தாமான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. “இந்தக் காடியில் போய்ப் பிறந்த பிள்ளைகள் இப்போது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுக்கிறார்கள், தம்பி. இதை எப்படி எடைக்குப் போடுவேன்?” என்றார்.

அவர் இதற்காகக் கொடுக்கும் விலை சிறியதல்ல. 2,000 சிசிக்கு மேல் போனால் சாலை வரி 380 வெள்ளியில் (ரிங்கிட்டில்) தொடங்கி ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளி கூடுகிறது. ஆகவே இந்தக் காருக்கு ஆண்டுக்கு 696 வெள்ளி. பக்கத்து வீட்டில் நிற்கும் ஒன்றரை லிட்டர் காருக்கு 90 வெள்ளிதான். ஓய்வூதியக்காரர் ஒருவர் இந்த வித்தியாசத்தை ஆண்டுதோறும் கட்டுகிறார் என்றால், அந்தக் காருக்கு நேர்மையாக வேலை செய்து கொடுக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

புகார்

குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது புகை இல்லை. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போதும் இல்லை. டோல் வரிசையிலோ சமிக்ஞை விளக்கிலோ சில நிமிடம் நின்று பிறகு மிதித்தால், பின்னால் வருபவர் விளக்குப் போடும் அளவுக்கு நீலப் புகை எழுந்தது. கேமரன் மலையிலிருந்து இறங்கி வரும்போதும் அப்படியே. எழுநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குறைந்தது. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையிலிருந்து எண்ணெய் கசிந்து, கார் நின்ற இடமெல்லாம் கறையானது.

முதலில் பார்த்த பட்டறையில் டர்போவின் தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருக்கிறது என்று சொல்லி, மறுசீரமைத்த டர்போ ஒன்றைப் பூட்டினார்கள். புகை சில வாரம் குறைந்ததுபோல் தெரிந்து, மறுபடி வந்தது. உத்தரவாதத்தில் இன்னொன்று பூட்டினார்கள். அதற்கும் அதே கதி. கடைசியில், எஞ்சினே தேய்ந்துவிட்டது, ஜப்பான் ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்) எஞ்சின் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். இந்த வகை வோல்வோவில் டொயோட்டாவின் ஆறு சிலிண்டர் எஞ்சினை ஏற்றுவது நம் நாட்டில் பழக்கமான வேலைதான். அதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும், பதிவிலும் எஞ்சின் எண்ணைத் திருத்த வேண்டும். டிரெசர் மறுத்துவிட்டார்.

ஏட்டில் இருந்த சாட்சி

இந்த ஆய்வுக்கு அடித்தளமாக அமைந்தது ஒரு கெட்டி அட்டை ஏடு. மருந்தகத்தில் நோயாளிகளுக்குப் பதிவேடு வைத்துப் பழகியவர், காருக்கும் ஒன்று வைத்திருந்தார். தேதி, மீட்டர் அளவு, ஊற்றிய எண்ணெய், நிரப்பிய பெட்ரோல், குறிப்பு என்று ஸ்கேல் வைத்துப் போட்ட ஐந்து பத்திகள். எண்ணெய் ஊற்றிய நாள்கள் சிவப்பு மையில் இருந்தன. குறிப்புப் பத்தியில் “டோல் – புகை”, “ரிங்லெட் இறக்கம் – புகை”, “சந்தை வரை போய் வந்தேன், புகை இல்லை” என்று ஓரிரு சொற்கள்தான். ஆனால் ஒரு வரிகூட விடுபடவில்லை.

அந்தப் பக்கங்களைப் புரட்டியதுமே இரண்டு விஷயங்கள் தெளிவாயின. முதலாவது, எண்ணெய் குறையத் தொடங்கியது முதல் டர்போ மாற்றத்துக்கு நெடுநாள் முன்பே. முதலில் மெதுவாகவும், பிறகு வேகமாகவும் சிவப்பு மை கூடிக்கொண்டே போயிருக்கிறது. இரண்டு முறை டர்போ மாற்றியும் அந்தப் போக்கு மாறவில்லை. கோளாறு டர்போவில்தான் இருந்தது என்றால், மாற்றிய நாளன்று சிவப்பு மை நின்றிருக்க வேண்டும். இரண்டாவது, புகை வந்த நேரங்கள் எல்லாமே எஞ்சின் சும்மா ஓடிய பிறகு அல்லது மிதியை விட்டு இறங்கிய பிறகு. பளுவோடு ஏறும்போது புகை வந்ததாக எங்குமே எழுதவில்லை.

பட்டறைக்கு வரும் பத்துப் பேரில் ஒருவர் இப்படி எழுதி வைத்திருந்தால் எங்கள் வேலை பாதியாகக் குறையும்.

சோதனை

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் நெருப்பைத் தேடிப் போக மூன்று வழிகள் இருக்கின்றன: பிஸ்டன் வளையம், வால்வு சீல், டர்போ. மிதியை விட்டு மலையிறங்கும்போது உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடம் கூடி வால்வு சீல் வழியாக எண்ணெய் இறங்கலாம். ஆகவே டர்போவை நோக்கி விரல் நீட்டுவதற்கு முன் மற்ற இரண்டையும் பார்த்தோம். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒன்பதரைக்கும் பத்து பாருக்கும் இடையில், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தது. ஸ்பார்க் பிளக்குகள் நான்கும் உலர்ந்து, வெளிர்பழுப்பு நிறத்தில், குறை சொல்ல முடியாதபடி இருந்தன. வளையம் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ இத்தனை எண்ணெய் போயிருந்தால் பிளக்குகளில் கரி அப்பியிருக்கும். ஆனால் டர்போவுக்குப் பின்னால் உள்ள புகைக்குழாயைக் கழற்றியதும் உள்சுவர் எண்ணெயில் நனைந்திருந்தது. சிலிண்டருக்குள் நுழையாமல், டர்போவில் புகையால் சுழலும் டர்பைன் பக்கமாக எண்ணெய் நேராகப் புகைக்குழாய்க்குள் போகிறது என்பது உறுதியானது.

இந்த இடத்தில்தான் பலரும் டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேலாகச் சுழல்கிறது. எஞ்சினின் எண்ணெய்ப் பம்பிலிருந்து அழுத்தத்தோடு வரும் எண்ணெய், தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் படலமாக நின்று அதைத் தாங்குகிறது. உள்ளே வரும் எண்ணெய்க்கு அழுத்தம் உண்டு. வெளியே போகும் எண்ணெய்க்கு எந்த அழுத்தமும் இல்லை. நுரைத்துப்போய், தன் எடையால் மட்டுமே கீழே வடிந்து எஞ்சினின் அடிப்பகுதிக்குத் திரும்ப வேண்டும். தண்டின் இரு முனைகளிலும் இருக்கும் சீல், பிஸ்டன் வளையம் போன்ற ஒரு உலோக வளையம்தான். எண்ணெய் வடியாமல் நடுக்கூட்டில் தேங்கினால் அந்த வளையத்தால் அதைத் தடுக்கவே முடியாது. எஞ்சின் பளுவோடு ஓடும்போது டர்பைன் பக்கம் புகையின் அழுத்தம் மிகுந்திருப்பதால் எண்ணெய் உள்ளேயே தள்ளப்படுகிறது. எஞ்சின் சும்மா ஓடும்போது அந்த எதிர்ப்பு இல்லை. எண்ணெய் வழிந்து சூடான கூட்டில் சேர்கிறது, அடுத்த முறை மிதிக்கும்போது எரிகிறது. டிரெசரின் ஏடு சொன்னதும் இதைத்தான்.

ஆகவே எண்ணெய் ஏன் வடியவில்லை என்று தேட வேண்டியிருந்தது.

எந்த எஞ்சினிலும் கொஞ்சம் எரிவாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் அறைக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற ஒரு வழி வேண்டும். இந்த எஞ்சினில் உள்ளிழுக்கும் குழாய்களுக்கு அடியில், பிளாக்கின் பக்கவாட்டில், பிரீதர் பெட்டி ஒன்று இருக்கிறது. வாயுவிலிருந்து எண்ணெயைப் பிரித்துக் கீழே அனுப்பிவிட்டு, வாயுவை மட்டும் மேலே விடுவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் கிராங்க் அறையில் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறிய இடத்துக்குள் டர்போவின் எண்ணெய் எப்படி வடியும்?

இதைப் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மெல்லிய ரப்பர் கையுறை போதும். கேட்டதும் டிரெசர் தன் பழைய மருந்துப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் வாயில் கையுறையை மாட்டி நூலால் கட்டினோம். நல்ல எஞ்சினில் அது துவண்டு கிடக்கும், அல்லது லேசாக உள்ளே இழுபடும். இங்கே முதலில் கட்டைவிரல் நிமிர்ந்தது. பிறகு ஐந்து விரல்களும் விறைத்து, உள்ளங்கை உப்பி, நூல் கட்டு வழுக்கும் அளவுக்குக் கையுறை நின்றது. டிரெசர் கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தனை நாளும் மூச்சு முட்டித்தான் ஓடியிருக்கிறது” என்றார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தக் காரின் எஞ்சின் அறையில் ஒரு சிறிய சோதனைப் பெட்டி உண்டு. அதன் கம்பியை உரிய துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினால், சிவப்பு விளக்கு மின்னி மின்னி எண் சொல்லும். நாங்கள் கேட்டபோது அது 1-1-1 என்றது. கோளாறு எதுவும் இல்லை என்று பொருள். கணினி பொய் சொல்லவில்லை. கிராங்க் அறையின் அழுத்தத்தை அளக்கும் உணரி எதுவும் இந்தக் காரில் இல்லை, அவ்வளவுதான். ஸ்கேனரில் எண் வரவில்லை என்றால் பழுதே இல்லை என்று நினைக்கும் தம்பிகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரித்தபோது கண்டவை

பிரீதர் பெட்டியின் அடித்துளைகள் கறுத்து இறுகிய கசடால் ஏறக்குறைய முழுதும் மூடிக்கிடந்தன. மேலே போகும் ரப்பர் குழாயின் உள்ளே ஒரு பென்சில்கூட நுழைய இடமில்லை. காரணம் தெரிந்ததுதான். ஓய்வுபெற்ற பிறகு கார் பெரும்பாலும் தாமானிலிருந்து சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டுமே போய் வந்தது. ஐந்து நிமிடத்துக்குள் அணைக்கப்படும் எஞ்சினில், எண்ணெயில் சேரும் நீராவியும் பெட்ரோலும் வெந்து வெளியேறும் அளவுக்குச் சூடே ஏறாது. அவை எண்ணெயோடு கலந்து கசடாகின்றன. குறைவாக ஓடுகிறது என்பதற்காக எண்ணெயை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டது மேலும் கெடுத்தது. குறைவாக ஓடும் கார்தான் எண்ணெயை விரைவில் கெடுக்கிறது என்பதை எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள்.

அடுத்தது டர்போவின் வடிகுழாய். அதன் மேல் விளிம்பில் கேஸ்கட் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புச் சிலிக்கான் பசை இருந்தது. போல்ட்டை இறுக்கியபோது அது உள்ளே பிதுங்கி, துளையின் பாதியை அடைத்துக் காய்ந்திருந்தது. ஏற்கெனவே மூச்சு முட்டிய எஞ்சினில், எண்ணெய் இறங்கவேண்டிய வாசலையும் பாதி சாத்தியிருக்கிறார்கள். டர்போவின் எண்ணெய் வழிகளில் சிலிக்கான் பசையைத் தொடவே கூடாது. ஒரு துணுக்கு உள்ளே போய் எண்ணெய்த் துளையை அடைத்தால், சில நிமிடங்களில் தண்டு கரிந்துவிடும். எண்ணெய் கொண்டுவரும் குழாயையும் யாரும் மாற்றவில்லை. அதன் உள்சுவரில் கரி படிந்து வழி குறுகியிருந்தது.

மூன்றாவது டர்போவைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தோம். தண்டை முன்னும் பின்னும் தள்ளினால் ஆட்டம் உணரவே முடியவில்லை. பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருந்தது. இந்த வகை டர்போவில் அது இருக்கத்தான் வேண்டும். எண்ணெய்ப் படலம் நிற்பதற்கான இடைவெளி அது, எண்ணெய் இல்லாமல் வெறுமனே ஆட்டினால் கைக்குத் தெரியும். இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் எதுவும் இல்லை. அந்த டர்போ நன்றாகவே இருந்தது.

முதல் டர்போவை டிரெசர் எறியாமல் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்க்கக் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அது உண்மையாகவே செத்துப்போனதுதான், ஆனால் அதன் காரணம் வேறு. காற்றை அழுத்தும் சக்கரத்தின் இறக்கை விளிம்புகள் மழுங்கி, தாள்போல மெலிந்திருந்தன. இது தூசி அரித்த அடையாளம். காற்று வடிகட்டியைத் தாண்டி வரும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. யாரோ அதில் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள், வெப்பத்தில் டேப் அவிழ்ந்து தொங்கியது. தோட்டத்துச் செம்மண் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் போகும்போது எழும் புழுதி வடிகட்டியைச் சீண்டாமலே அந்த வெடிப்பு வழியாக உள்ளே போயிருக்கிறது. பட்டணத்துக் கார் இதையெல்லாம் அனுபவிக்காது. தோட்டப்புறத்துக் காருக்கு அந்த ஒரு முழ ரப்பர்க் குழாய் உயிர்நாடி.

செய்த வேலை

பிரீதர் பெட்டியும் அதன் குழாய்களும் புதிது. வடிகுழாய்க்கு உரிய கேஸ்கட்டும் கீழ்முனைக்கு ரப்பர் வளையமும் புதிது. எண்ணெய் கொண்டுவரும் குழாய் புதிது. வடிகட்டியிலிருந்து டர்போ வரையிலான காற்றுக்குழாயும் புதிது. பாகங்கள் கோலாலம்பூரிலிருந்து பஸ் பார்சலில் வந்தன. டர்போ அதே பழையதுதான், துடைத்துச் சுத்தம் செய்து மறுபடி பூட்டினோம்.

பூட்டிய கையோடு எஞ்சினைக் கிளப்பக் கூடாது. டர்போவின் எண்ணெய் வாயில் ஊசிக்குழாயால் எண்ணெய் நிரப்பி, எரிபொருளைத் துண்டித்துவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றினோம். காய்ந்த தண்டு முதல் சில விநாடிகளில் பட்ட காயம் ஆயுளுக்கும் இருக்கும்.

கசடு கரைக்கும் திரவம் ஊற்றச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். இவ்வளவு கசடுள்ள எஞ்சினில் நான் அதைச் செய்யமாட்டேன். மொத்தமாகப் பெயர்ந்து வரும் கசடு எண்ணெய்ப் பம்பின் வலையில் போய் அடைத்தால் எஞ்சினே போய்விடும். நல்ல எண்ணெய் ஊற்றி, முதலில் ஆயிரம் கிலோமீட்டரில் மாற்றி, பிறகு இரண்டாயிரத்தில் மாற்றி, மெதுவாகக் கழுவி எடுத்தோம். இப்போது ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது.

வேலை முடிந்ததும் கையுறையை மறுபடி கட்டினோம். விரல்கள் துவண்டு, வாய்க்குள் லேசாக இழுபட்டன.

ஆனாலும் முதல் சில நாள் புகை வரத்தான் செய்தது. டிரெசர் கவலையோடு வந்து நின்றார். சைலன்சருக்குள் மாதக்கணக்காகச் சேர்ந்த எண்ணெய் எரிந்து தீர வேண்டும் என்று விளக்கி, நெடுஞ்சாலையில் தஞ்சோங் மாலிம் வரை போய்வரச் சொன்னேன். அதன் பிறகு நின்றது. ஏட்டில் சிவப்பு மை நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை என்றாகிவிட்டது. எஞ்சின் பின்பக்கக் கசிவும் பெருமளவு குறைந்தது, உள்ளிருந்து தள்ளிய அழுத்தம் போய்விட்டதால். முந்தைய இரண்டு டர்போ மாற்றங்களுக்கும் சேர்த்து அவர் மூவாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்திருந்தார். இந்தப் பாகங்கள் எல்லாம் சேர்ந்து அறுநூறு வெள்ளியை எட்டவில்லை.

அதற்குப் பிறகு

பழைய கார் ஒரு வேலையோடு ஓய்ந்துவிடாது. நடுப்பகலில் சுங்கை அருகே எஞ்சின் சட்டென்று அணைந்தது. அரை மணி நேரம் நிழலில் நின்றதும் எதுவும் நடக்காததுபோல் கிளம்பியது. வெயிலில் நின்றுபோய், ஆறினால் ஓடும் இந்தத் தலைமுறை வோல்வோ என்றால், முதலில் பார்க்க வேண்டியது எரிபொருள் பம்புக்கு மின்சாரத்தை விடும் சுவிட்சான ரிலே. சாம்பல்கிண்ணத்துக்குப் பின்னால் உள்ள பியூஸ் பலகையிலிருந்து அதை உருவி, உறையைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். ஒரு முள்ளைச் சுற்றி ஈயப்பற்றில் தலைமுடி அளவுக்கு வட்டமான விரிசல். சூட்டில் உலோகம் விரியும்போது தொடர்பு விட்டுப்போகிறது. ஈயத்தை உருக்கி மறுபடி பற்றவைத்ததோடு சரி.

அடுத்தது கேமரன் மலை. தாப்பாவிலிருந்து ஏறும்போது லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியதும் இழுவை விழுந்தது, பின்னால் கறும்புகை. டிரெசர் உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். “இந்தத் தடவை கறுப்பு, தம்பி. நீலம் இல்லை” என்றார். அந்த ஒரு சொல்லிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. நீலம் எண்ணெய், கறுப்பு மிகையான பெட்ரோல். இந்த எஞ்சினில் உள்ளே வரும் காற்றை ஒரு மானி அளந்து, அதற்கேற்பக் கணினி பெட்ரோல் விடுகிறது. அளந்த காற்று டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையில் எங்காவது தப்பித்தால், இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் விழும். குழாய்களில் அழுத்தக் காற்றை ஏற்றிச் சோப்பு நீர் தெளித்தபோது, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயின் அடிமடிப்பில் குமிழிகள் கொப்பளித்தன. கையால் தடவினால் தெரியாத பிளவு, அழுத்தம் ஏறினால் மட்டும் வாய் திறந்தது.

அதைச் சரிசெய்த பிறகு அந்த மலையில் இந்தக் கார் ஏறுவதைப் பார்ப்பது ஒரு மகிழ்ச்சி. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து குறைவு, டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குத் திணறும். டர்போ அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. மலைக்குப் போகும்போது மட்டும் டிரெசர் ஆக்டேன் அளவு கூடிய ரோன் 97 பெட்ரோலை நிரப்புகிறார். ஊருக்குள் ரோன் 95 போதும். எரிபொருள் முந்திக்கொண்டு வெடித்தால் அதை உணர்ந்து தீப்பொறியைத் தாமதப்படுத்தும் ஏற்பாடு இந்த எஞ்சினில் இருக்கிறது. ஆனால் நீண்ட ஏற்றத்தில் அந்தத் தாமதம் இழுவையைக் குறைத்து வெப்பத்தைக் கூட்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அணைக்கிறார். புகைக்கூட்டின் சூட்டில் எண்ணெய் நின்று கரியாவதைத் தவிர்க்க அது உதவுகிறது.

சில கருத்துகள்

டர்போவைத் தனியாக ஒரு பொருளாகப் பார்ப்பதுதான் எல்லாக் கோளாறுக்கும் தொடக்கம் என்று நினைக்கிறேன். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூஷி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்ற நாள் முதலாக, இது எஞ்சினின் புகை, காற்று, எண்ணெய் மூன்றையும் நம்பியே வாழும் கருவி. அமெரிக்காவில் 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. எரிபொருள் முந்தி வெடிப்பதைத் தடுக்க அதில் காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனிக் கலனில் நிரப்ப வேண்டியிருந்தது. உடைமையாளர்கள் பலர் நிரப்பவில்லை. இரண்டே ஆண்டில் அந்தக் கார் நின்றுபோனது, பிறகு பலவற்றிலிருந்து டர்போவே கழற்றப்பட்டது. அப்போதும் பழி டர்போமேல்தான் விழுந்தது.

மறுசீரமைத்த டர்போ விற்பவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர்கள் பொருளில் பழுதில்லை என்பதற்கு இந்தக் காரில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதே சாட்சி. பூட்டுகிறவர், எண்ணெய் வரும் குழாய், வடியும் குழாய், பிரீதர் மூன்றையும் பார்க்காமல் பூட்டியதுதான் வேதனை. அந்த மூன்றையும் சோதிக்க ஒரு பிற்பகல் போதும். வாடிக்கையாளரிடம் அதற்கான கூலியைத் தயங்காமல் கேளுங்கள். இரண்டாவது டர்போவைவிட அது மலிவு என்று எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

எல்லாரும் இப்படிக் கார் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பாகத்துக்காகக் காத்திருக்கப் பொறுமையும், வீட்டில் இன்னொரு வாகனமும், குறிப்பெழுதும் பழக்கமும் இல்லாதவருக்குப் பழைய டர்போ கார் துன்பம்தான். டிரெசருக்கு மூன்றும் இருக்கின்றன.

எஞ்சின் பின்பக்கச் சீலை இன்னும் மாற்றவில்லை. கியர்பெட்டியை இறக்க வேண்டிய வேலை அது. கசிவு இப்போது மாதத்துக்குச் சில துளிகள்தான். கியர்பெட்டிக்கு வேறு வேலை வரும்போது சேர்த்தே செய்வது என்று பேசி வைத்திருக்கிறோம். ஒவ்வோர் எண்ணெய் மாற்றத்தின்போதும் கையுறைச் சோதனை நடக்கிறது, அதன் முடிவுக்காக ஏட்டில் ஆறாவதாக ஒரு பத்தி போட்டிருக்கிறார்.